விருப்பத்தால் ஆடியவர்



நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் நிகழ்ந்ததொன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கால்பந்துக் குழுவில் இரண்டு ஆண்டுகள் கோல் காத்து வந்த மாணவன் ஒருவன், தன்னினும் இளைய ஒருவனிடம் தன் இடத்தை இழந்தான். "ஐயா, பயிற்சிக்கேனும் நாள்தோறும் வரலாமா?" என்று கேட்டான். "இனி வந்து என்ன பயன், தம்பி?" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் முதல் அவன் மைதானத்தின் பக்கமே வரவில்லை. அந்த விடை எத்துணைப் பிழையானது என்பதைப் பிற்காலத்தில் ஸ்காட்லாந்து நாட்டவர் ஒருவரின் வரலாறு எனக்கு உணர்த்தியது. அவர் பெயர் ரோனி சிம்சன்.

1930ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் அவர் பிறந்தார். தந்தையார் ஜிம்மி சிம்சன், ரேஞ்சர்ஸ் கழகத்திலும் ஸ்காட்லாந்து நாட்டுக் குழுவிலும் ஆடிப் புகழ் பெற்றவர். மகன் சேர்ந்ததோ அதே நகரத்துக் குவீன்ஸ் பார்க் கழகத்தில். 1867ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகம், ஆடுவோருக்கு ஊதியம் இல்லை என்ற விதியை 2019 வரை விடாது போற்றி வந்தது. ஆடுவதற்காகவே ஆடுதல் என்பதே அதன் குறிக்கோள். இத்தகைய ஆட்டக்காரரை 'அமெச்சூர்' என்பார்கள். 'விரும்புபவர்' என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். 1945ஆம் ஆண்டில், தம் 14ஆம் வயதிலேயே, சிம்சன் அக்கழகத்தின் முதற்குழுவில் கோல் காத்தார்.

1948ஆம் ஆண்டில் இலண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. பிரிட்டனின் அமெச்சூர் கால்பந்துக் குழுவுக்கு மாட் பஸ்பி என்னும் பேரறிஞர் பயிற்சியளித்தார். 17 வயதே நிரம்பிய சிம்சனும் அக்குழுவில் இடம் பெற்றார். நம் இந்தியக் குழுவினர் பலர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றதும் அதே பந்தயங்களில்தான். பிரிட்டன் அரையிறுதி வரை சென்று நான்காம் இடம் பெற்றது.

பின்னர்ச் சிம்சன் ஆட்டத்தையே தொழிலாக மேற்கொண்டார். இங்கிலாந்தின் நியூகாசில் கழகத்தில் சேர்ந்து, 1952, 1955 ஆகிய ஆண்டுகளில் எப்.ஏ. கோப்பையை வென்றார். இத்துணை வெற்றிக்குப் பின்னும் அவருடைய தாய்நாட்டுக் குழு அவரை அழைக்கவில்லை. ஆண்டுகள் உருண்டன. 1960ஆம் ஆண்டில் எடின்பரோவின் ஹைபர்னியன் கழகத்துக்கு வந்தார். 1964ஆம் ஆண்டில் அங்கு மேலாளராக வந்த ஜாக் ஸ்டீன், அவரைக் கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்துக்கு விட்டுக்கொடுத்தார். அங்கே அவர் மாற்றாளாகவே அமர வேண்டியிருந்தது. வயதோ 34ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு, 1965 மார்ச்சில், அதே ஸ்டீன் செல்டிக்கின் மேலாளராக வந்து சேர்ந்தார்! தம்மை ஒருமுறை அனுப்பியவர் மீண்டும் அனுப்பிவிடுவார் என்றே சிம்சன் எண்ணினார். நடந்தது வேறு. நாள்தோறும் பயிற்சியில் அவர் காட்டிய ஊக்கமும் தேர்ச்சியும் ஸ்டீனின் கண்ணில் பட்டன. முதற்குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. உடன் ஆடிய இளைஞர்கள் அவரை 'அப்பா' என்றே அழைத்தனர்.

1967 ஏப்ரல் 15ஆம் நாள், இலண்டன் வெம்பிளி மைதானத்தில், முந்தைய ஆண்டில் உலகக் கோப்பையை வென்றிருந்த இங்கிலாந்தை ஸ்காட்லாந்து 3-2 என்று வென்றது. ஸ்காட்லாந்துக்குக் கோல் காத்தவர் சிம்சன். நாட்டுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் அதுவே. அப்போது அவருக்கு வயது 36! நாற்பது நாள் கழித்து, மே 25இல், லிஸ்பன் நகரில் இத்தாலியின் இன்டர் மிலானை 2-1 என்று வென்று செல்டிக் ஐரோப்பியக் கோப்பையைக் கைக்கொண்டது. பிரிட்டனின் கழகம் ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அன்று ஆட்டக்காரர் சிலர் தம் பொய்ப்பற்களைக் கழற்றிச் சிம்சனின் தொப்பியில் இட்டுக் கோல் வலைக்குள் வைத்திருந்தனராம். வெற்றிக் கூச்சலுக்கு நடுவே அத்தொப்பியைத் தேடி ஓடியது இன்றும் பேசப்படும் வேடிக்கை.

மாணவர்களே, மாற்றாளாக அமர்ந்த நாட்களிலும் சிம்சன் பயிற்சியைக் கைவிட்டிருந்தால், வெம்பிளி ஏது? லிஸ்பன் ஏது? எல்லாருக்கும் கோப்பை கிட்டும் என்று நான் கூறவில்லை. கிட்டாமற்போவோரே மிகுதி. ஆனால் ஆட்டத்தையோ கல்வியையோ விரும்பி மேற்கொண்டவனுக்கு, இடம் பறிபோன மறுநாளும் மைதானம் மைதானமாகவே இருக்கும். புத்தகம் புத்தகமாகவே இருக்கும். "பயிற்சிக்கேனும் வரலாமா?" என்று கேட்ட அந்த மாணவனுக்கு அன்று நான் தந்திருக்க வேண்டிய விடை ஒன்றே: "தவறாமல் வா, தம்பி."