முதிர்ந்த சீஸுக்காக ஒரு வாதம்



சாயங்கால வேளையில் தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையோரமாக இரும்புலியூர் வரை நடந்து வாருங்கள். கடைப் பலகைகளில் சீஸ் என்ற சொல் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். சீஸ் தோசை, சீஸ் பரோட்டா, சீஸ் மோமோ. தட்டு வந்ததும் பிள்ளைகள் ஒரு துண்டைப் பிய்த்து மேலே தூக்குகிறார்கள். நூல் எவ்வளவு தூரம் வருகிறது என்று செல்போனில் படம் பிடிக்கிறார்கள். நூல் நீளமாக வந்தால் உயர்ந்த சீஸ், சட்டென்று அறுந்தால் மட்டமான சீஸ் என்று ஒரு கணக்கு நம் ஊரில் நிலைத்துவிட்டது. வீட்டில் சீஸ் செய்து விற்கிறவள் நான். இந்தக் கணக்கு தப்பு என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

சீஸின் பெருமை அது முதிர்வதில் இருக்கிறது. இந்த ஒரு வரியை இன்றைக்குப் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நூல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம். உறைய வைத்த பால் புளிக்கப் புளிக்க அந்தக் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வடிநீரோடு போய்விடும். புளிப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும், அதாவது பி.எச். 5.2 அருகே வந்ததும், வெந்நீரில் போட்டுப் பிசைந்தால் புரதம் இழை இழையாக நீளும். மொசரெல்லா அப்படித்தான் பிறக்கிறது. ஜம்முவில் இரும்புக் கல்லில் வாட்டிச் சாப்பிடும் கலாரியும் அந்த இனம்தான். சைப்ரஸ் தீவின் ஹலூமியில் அவ்வளவு புளிப்பு ஏறவிடுவதில்லை. அதனால் அதைத் தோசைக்கல்லில் போட்டாலும் உருகாது, பொன்னிறமாகச் சிவக்கும். நம் பனீரும் உருகாது, அது வேறு கதை. ஆகவே நூலின் நீளம் புளிப்பின் அளவைச் சொல்கிறது. ருசியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. மொசரெல்லா எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைச் செய்த அன்றைக்கோ மறுநாளோ சாப்பிட்டுவிட வேண்டும். அதற்கு வயது கிடையாது.

வயது உள்ள சீஸ் வேறு விஷயம். எனக்கு உயிர் கௌடா. நெதர்லாந்தில் கௌடா என்ற ஊர்ச் சந்தையில் விற்றதால் வந்த பெயர். டச்சுக்காரர்கள் நமக்குப் புதியவர்கள் இல்லை. பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள், நாகப்பட்டினத்தில் இருந்தார்கள், சென்னையிலிருந்து தெற்கே கடற்கரையோரம் போனால் சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் கோட்டை இன்றும் நிற்கிறது. மாதக்கணக்கில் கடலில் வந்த அந்தக் கப்பல்களில் மாலுமிகளின் சாப்பாட்டில் சீஸும் உண்டு. அத்தனை வெயிலையும் தாண்டி அது வந்து சேர்ந்ததற்குக் காரணம், அது ஈரம் குறைந்து, உப்பு ஏறி, முதிர்ந்த சீஸ்.

கௌடா செய்முறையில் ஒரு அழகான வேலை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பாலை வெதுவெதுப்பாக்கி, நல்ல பாக்டீரியா சேர்த்து, பிறகு பாலை உறைய வைக்கும் ரென்னட் என்ற நொதியை விடுகிறோம். அரை மணி, முக்கால் மணியில் பால் அல்வாத் துண்டு போல நிற்கும். அதைக் கத்தியால் சிறு சிறு துண்டுகளாக அறுத்தால் வடிநீர் பிரியும். மற்ற பல சீஸ்களில் அந்த நீரோடு அப்படியே சூடேற்றிக் கிளறுவார்கள். கௌடாவில் வடிநீரில் ஒரு பங்கை மொண்டு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெந்நீர் ஊற்றுகிறோம். பாலைக் கழுவுகிறோம் என்றே சொல்லலாம். கழுவும்போது பால் சர்க்கரையில் ஒரு பகுதி நீரோடு போய்விடுகிறது. பாக்டீரியாவுக்குத் தீனி குறைகிறது. தீனி குறைந்தால் புளிப்பு குறைகிறது. அதனால்தான் கௌடா எத்தனை மாதம் ஆனாலும் செடார் சீஸைப் போல வெடுக்கென்று இல்லாமல் இனிமையாகவே முதிர்கிறது. அந்த வெந்நீர் ஊற்றும் நேரத்தில் யார் கூப்பிட்டாலும் நான் திரும்ப மாட்டேன். சூடு ஒரு டிகிரி கூடினால் துண்டுகள் இறுகிவிடும், குறைந்தால் சொதசொதவென்று நிற்கும்.

பிறகு அச்சில் போட்டு அழுத்தி, உப்புநீரில் ஊற வைத்து, துடைத்து, காய வைத்து அலமாரிக்குள் வைக்கிறோம். பத்து லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும். சென்னைப் புழுக்கத்தில் சும்மா வைத்தால் வியர்த்து எண்ணெய் கசியும். பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரியில் நிற்கும் குளிர்ப்பெட்டி வேண்டும், உள்ளே ஈரக்காற்றும் வேண்டும். ஆரம்ப வாரங்களில் தினமும் திருப்பிப் போட வேண்டும். திருப்பாமல் விட்டால் ஈரம் கீழே இறங்கி அடிப்பக்கம் அழுகும். வேலை அவ்வளவுதான். மீதியைக் காலம் செய்கிறது.

காலம் என்ன செய்கிறது? மிச்சம் இருந்த பால் சர்க்கரையைப் பாக்டீரியா முதல் நாட்களிலேயே தின்று தீர்த்துவிடும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களில் பலர் முதிர்ந்த சீஸைத் தைரியமாகச் சாப்பிட முடிவது இதனால்தான். பிறகு புரதங்கள் உடைந்து அமினோ அமிலங்களாகின்றன. கொழுப்பு உடைந்து மணமாகிறது. ஒரு வருடத்துக்கு மேல் ஆன கௌடாவைக் கடித்தால் பல்லில் நறுக்கென்று ஏதோ படும். உப்பு என்று நினைப்பார்கள். அது டைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமாக நிற்பது. முதிர்ந்ததற்கு அதுவே முத்திரை.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. சீஸ் என்றாலே முகம் சுளிப்பவர். ஒருநாள் நன்றாக முற்றிய கௌடாவில் நகக்கண் அளவு நறுக்கி, "வாயில் போட்டு மெல்லாமல் வையுங்கள் பாட்டி" என்று கொடுத்தேன். கண்ணை மூடி வைத்திருந்தார். பிறகு, "ஏம்மா, இது பழைய உப்பு நார்த்தங்காய் மாதிரி இல்ல இருக்கு?" என்றார். எத்தனையோ புத்தகம் படித்து நான் சொல்லத் திணறியதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். புது நார்த்தங்காய் கசக்கும். ஜாடியில் வருடக்கணக்கில் கிடந்து கறுத்துப் போன நார்த்தங்காய்க்கு இருக்கிற மதிப்பு நம் வீடுகளுக்குத் தெரியும். காத்திருந்து சாப்பிடும் நாக்கு நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. சீஸ் விஷயத்தில் மட்டும் ஏன் அவசரப்படுகிறோம்?

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கத்தில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. குளிர்ப்பெட்டியில் இருந்த கிரீம் சீஸ், மொசரெல்லா எல்லாம் போயிற்று. கௌடா வட்டுகளை உப்புநீரில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து, தரையில் காற்றுப்படும் இடத்தில் வைத்தேன். கொஞ்சம் எண்ணெய் கசிந்தது, அவ்வளவுதான். சில மாதம் கழித்து அறுத்தபோது உள்ளே ஒரு குறையும் இல்லை. அன்று முதல் எனக்கு வேறு சீஸ் இரண்டாம்பட்சம். மறுபடியும் சொல்கிறேன், சீஸின் பெருமை அது முதிர்வதில் இருக்கிறது.

இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குச் சட்டப்படியே குறைந்தது பன்னிரண்டு மாதம் வேண்டும். அங்கே கிரெடெம் என்ற வங்கி அந்தச் சீஸ் வட்டுகளை அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது. நம் ஊரில் நகையை வைப்பது போல அங்கே சீஸை வைக்கிறார்கள். முதிர முதிர விலை ஏறும் பொருள் என்பதால்தான் வங்கிக்கு அந்த நம்பிக்கை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். கொடைக்கானலில் பல பத்தாண்டுகளாகச் சீஸ் செய்கிறார்கள். ஆரோவில்லின் லா ஃபெர்ம் பண்ணைச் சீஸ் சென்னைக் கடைகளுக்கு வருகிறது. அவர்களுடைய ஆரோப்ளோஷான் கொஞ்சம் வாசனை அடிக்கும், பயப்படாமல் சாப்பிட்டுப் பாருங்கள். குன்னூரில், இந்திப் பட இயக்குநர் மன்சூர் கான் பம்பாயை விட்டு வந்து ஏக்கர்ஸ் வைல்ட் என்ற பண்ணையில் சீஸ் செய்கிறார், கற்றும் கொடுக்கிறார். சென்னையிலேயே 2016இல் அனுராதா கிருஷ்ணமூர்த்தியும் நம்ரதா சுந்தரேசனும் கேஸ என்ற பெயரில் தொடங்கினார்கள். காது கேளாத பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து அவர்கள் கையால் சீஸ் செய்தார்கள். நம் இட்லி மிளகாய்ப்பொடியைச் சீஸோடு சேர்த்தவர்களும் அவர்கள்தான். வங்காளத்தில் போர்ச்சுகீசியர் காலத்து வழக்கமாகப் புகை போட்ட பாண்டெல் சீஸ் இருக்கிறது, காலிம்போங்கில் தனியாக ஒரு சீஸ் இருக்கிறது. அவற்றைப் பற்றிப் பேச இன்றைக்கு நேரம் இல்லை.

கடைகளில் தோசை மேல் துருவுகிற சதுரக் கட்டிக்கு வருகிறேன். அது பெரும்பாலும் பதப்படுத்திய சீஸ். 1911இல் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். சீஸை உருக்கி, சில உப்புகள் சேர்த்து, எண்ணெய் பிரியாமல் கட்டியாக்குவது. வெகுதூரம் அனுப்பலாம், கெடாது. குழந்தைகளுக்குக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சூட்டில் பாக்டீரியா செத்துவிடுகிறது, முதிர்ச்சி அதோடு நின்றுவிடுகிறது. வாங்கிய அன்று என்ன ருசியோ, ஆறு மாதம் கழித்தும் அதே ருசிதான். இதற்கும் கீழே ஒன்று உண்டு. பாலின் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்தது. அதுவும் நூல் நூலாக வரும்! நீளமான நூலைப் பார்த்து மயங்குபவர்கள் இதைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடைக்குப் போனால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பால், உப்பு, பாக்டீரியா, ரென்னட் என்ற அளவில் பட்டியல் முடிந்தால் எடுங்கள். எத்தனை மாதம் முதிர்ந்தது என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் செய்கிறவர்கள் காத்திருந்து செய்வார்கள். நூறு கிராம் போதும். சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள், சில்லென்று இருந்தால் மணம் தெரியாது. தோசையில் போடாதீர்கள், ரொட்டியில் வைக்காதீர்கள். முதல் துண்டைத் தனியாகச் சாப்பிடுங்கள்.