சொல்ல இயலாதோரின் பல்வலி



பல்வலி கண்டால் நாம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். மூளை முடக்குவாதம் உடைய குழந்தை எங்ஙனம் சொல்லும்? 1972-இல் அன்றைய பம்பாயில் மிது ஆலூர் தொடங்கிய இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம், இக்குழந்தைகளுக்கும் கல்வி உரியது என்று காட்டிற்று. அவர்களுடைய வலிக்குச் செவிசாய்ப்பதும் நம் கடமையன்றோ?

வாய் பேசாவிடினும் உடல் பேசும். ஒருபுறமாகவே மெல்லுதல், விரும்பிய உணவை ஒதுக்குதல், கன்னத்தில் அடித்துக்கொள்ளுதல், உறக்கமின்மை, திடீர்ச் சினம் ஆகியவை பல்வலியின் அறிகுறிகளாகலாம். இவற்றைக் குறைபாட்டின் இயல்பு என்று தள்ளிவிடுவதே பெரும் பிழை. முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுதல் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் தரும் அளவுமுறை 1997-இல் வெளியாயிற்று. ஆயினும், அன்றாடம் உடனிருந்து பேணும் தாயின் சொல்லே மருத்துவருக்கு முதற்சான்று.

ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்தலாகாது. அது ஈற்றைப் புண்ணாக்கும். வீக்கத்துடன் காய்ச்சலோ, விழுங்குவதில் இடரோ காணின் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தாராவியின் குறுகிய சந்துகளிலிருந்து குழந்தையைத் தோளில் சுமந்து சயான் மருத்துவமனைக்கு வரும் தாயை நீண்ட வரிசையில் நிறுத்தலாமா? மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். அதை நடைமுறையாக்குவது அலுவலர்களாகிய உங்கள் கையில் உள்ளது.