ஒளியாண்டு காலமா, தூரமா?
(ஒரு கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் நாம் நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்லி வருகையில் ஒரு தோழர் எழுந்து, "ஆண்டு என்பது காலமாயிற்றே, அதைக்கொண்டு தூரத்தை எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கும் பதில் தெரியாதென்பதே நமது அபிப்பிராயம்.

நம் கிழவர்கள் அடுத்த ஊரை "இரண்டு நாழிகை வழி" என்று சொன்னதில்லையா? அதே வழக்கந்தான் இது. ஆனால் இங்கே நடப்பது மனிதனல்ல, ஒளி. அது வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சந்திரனிலிருந்து நம்மிடம் வர அதற்கு ஒன்றேகால் வினாடிக்குச் சற்று அதிகம். சூரியனிலிருந்து வர 8 நிமிஷம் 19 வினாடி, அதாவது நாழிகையில் மூன்றிலொரு பங்கு. ஓராண்டு முழுவதும் நில்லாமல் ஓடினால் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். அதுவே ஒளியாண்டு.

நிற்க, இன்னும் இரண்டு அளவுகள் உண்டு. பூமிக்கும் சூரியனுக்குமுள்ள தூரம், சுமார் 15 கோடி கிலோமீட்டர், ஒரு வானியல் அலகு. ஓர் ஒளியாண்டுக்கு இவை 63,241. மற்றொன்று பார்செக். கையை நீட்டிக் கட்டைவிரலை ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் பாருங்கள். விரல் நகர்வதுபோல் தோன்றும். பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதும், ஆறு மாதங்கழித்து அந்தப் பக்கம் போனபோதும் பார்த்தால் கிட்டத்திலுள்ள நட்சத்திரமும் அப்படியே நகரும். அந்த நகர்ச்சியில் பாதி, ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கானால் தூரம் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு. இரண்டு கிலோமீட்டருக்கப்பால் வைத்த ஒரு புளியங்கொட்டையின் அகலம் கண்ணுக்கு எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தப் பங்கு! 1838-ல் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் இவ்விதம் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை அளந்தார். 2013-ல் ஏவப்பட்ட கையா என்னும் விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்டவைகளை அளந்துவிட்டது.

கணக்கு சுலபம். பிராக்ஸிமா நட்சத்திரத்தின் நகர்ச்சி 0.768. ஒன்றை அதனால் வகுத்தால் 1.30 பார்செக், 3.26-ஆல் பெருக்கினால் 4.24 ஒளியாண்டு.

இதில் நமக்கென்ன லாபமென்பீர்கள். நம் இளம்வயதில் ஊரில் ஒரு பெரிய மனிதர், கடனாக நெல் கொடுக்க ஒரு மரக்காலும் திரும்பி வாங்க ஒரு மரக்காலும் வைத்திருந்தார். இரண்டுக்கும் பெயர் மரக்கால்தான். நம் தகப்பனார் அதை ஒப்பிட்டுப் பார்க்கத் துணிந்ததேயில்லை, கடனும் தீர்ந்ததேயில்லை.

விஷ்ணு புராணமும் பூமிக்கு லட்சம் யோசனை மேலே சூரியன், அதற்கும் லட்சம் யோசனை மேலே சந்திரன் என்கிறது. யோசனை எத்தனை மைல் என்றால் ஒருவர் ஐந்தென்பார், ஒருவர் எட்டென்பார். எட்டே ஆகட்டும், லட்சம் யோசனை 8 லட்சம் மைல், சுமார் 13 லட்சம் கிலோமீட்டர். உண்மையான 15 கோடியில் நூறிலொரு பங்குகூட இல்லை! போகட்டும், சூரியனுக்கு அப்பாலுள்ள சந்திரன் கிரகணத்தன்று சூரியனை மறைப்பதெப்படி? வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மரம் வாசற்கதவை மறைக்குமா? இதைக் கேட்கத் தூரதிருஷ்டிக் கண்ணாடிகூட வேண்டாமே.

வெள்ளைக்காரன் சொன்னதை மட்டும் ஏன் நம்பவேண்டுமென்று கேட்கிறவர்களுக்கு நாம் சொல்வது, நம்பவே வேண்டாம் என்பதுதான். எப்படி அளந்தான் என்று சொல்லியிருக்கிறான், அளந்து பாருங்கள். நாமே ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்கள். தசமப் புள்ளி முப்பது வயதுக்குமேல்தான் நமக்குப் பிடிபட்டது.

இரவு வானில் எல்லாவற்றிலும் அதிகமாய் ஒளிரும் நட்சத்திரம் சிரியஸ். அதன் நகர்ச்சி 0.379. எத்தனை ஒளியாண்டு? பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் இங்கே இருக்கின்றன. அன்று கேள்வி கேட்ட தோழர் முதலில் வரட்டும்.