பழைய வண்டியை விற்கப் போறீங்களா? கொஞ்சம் கேளுங்க!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா நான் சேமிப்பு, கடன் திருப்பம், வரவு செலவு நோட்டு என்றுதான் பேசுவேன். இன்றைக்குப் பழைய கார் விற்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். "எங்களுக்கு ஏதுங்க காரு?" என்று பின்னால் ஒரு அக்கா சிரிக்கிறாங்க. சரி, வீட்டு வாசலில் ஆம்னி வேனோ, மாருதி 800-ஓ, பழைய காரோ நிற்கிறவங்க கையைத் தூக்குங்க. பார்த்தீங்களா, பத்துக் கைக்கு மேல் வருது. மாருதி 800 தயாரிப்பு 2014-லும், ஆம்னி தயாரிப்பு 2019-லும் நின்றுவிட்டது. ஆனா நம்ம ஊர்ப் பக்கம் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஓடாத வண்டி வேப்ப மரத்தடியில் துருப்பிடித்துக்கிட்டு இருக்கு.

நம்ம உறுப்பினர் ஒரு அக்காவின் அனுபவத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் இறந்து ஒன்றரை வருடம் ஆச்சு. அவர் ஓட்டின 2012 மாடல் ஆம்னி வாசலிலேயே நின்றது. ஒரு புரோக்கர் வந்தார். "இதெல்லாம் இரும்பு விலைக்குத்தான் போகும்மா. 45 ஆயிரம் தர்றேன், இந்தப் பேப்பர்ல மட்டும் கையெழுத்துப் போடுங்க" என்றார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். அக்கா பேனாவை எடுத்துட்டாங்க. நல்ல வேளையா குழுவில் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு தோணியிருக்கு.

குழு உட்கார்ந்து முதலில் பார்த்தது விலையை அல்ல, ஆர்.சி. புத்தகத்தை. அதில் வண்டி இறந்தவர் பெயரில் இருந்தது. அக்கா பெயருக்கு மாறாமல் அவங்களால் முறையா விற்க முடியாது. வண்டிக்காரர் இறந்தால் 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். தாமதமானால் கூடுதல் பணம் கட்ட வேண்டி வரும். இறப்புச் சான்றிதழ் வேணும், தாசில்தார் ஆபீஸ் வாரிசுச் சான்றிதழ் வேணும். வாரிசில் பிள்ளைகள் மட்டுமில்லைங்க, இறந்தவரைப் பெற்ற தாயும் வருவாங்க. அதனால மாமியாரின் சம்மதமும் வேண்டியிருந்தது. "வண்டியை வித்துட்டு என்னைக் கைவிட்டுருவியா?" என்று அந்தப் பாட்டி அழுதாங்க. குழு பெண்கள் இரண்டு தடவை போய்ப் பேசின பிறகுதான் கையெழுத்துப் போட்டாங்க. ஆர்.சி.யில் கடன் கொடுத்த கம்பெனி பெயரும் இருந்தது. கடன் முடிந்திருந்தாலும் தானா நீங்காது. அவங்ககிட்ட தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து நீக்கினோம்.

அதற்குப் பிறகுதான் விலை. நம்ம ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி, முருங்கைக்காய் கொண்டு போறவங்களுக்கு இது தெரியும். ஒரே கடையில் மூட்டையை இறக்கிட்டு "பார்த்துப் போடுங்கண்ணே" என்றால் அவர் போட்டதுதான் விலை. நாலு கடை விலை தெரிந்தவங்க வாய் திறந்து பேசுவாங்க. வண்டிக்கும் அதே கதைதான்.

அதே வருடத்து ஆம்னிக்கு மூன்று இடத்தில் விசாரித்தோம். ஒருத்தர் 1,20,000 என்றார், ஒருத்தர் 1,15,000, இன்னொருத்தர் 1,05,000. இதெல்லாம் சொல்கிற விலைதான், விற்கிற விலை இல்லை. அதனால் நடுவிலுள்ள 1,15,000-ஐ எடுத்துக்கிட்டோம். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டி வந்து, வாங்குகிறவர் செய்ய வேண்டிய செலவை எழுதச் சொன்னோம். டயர் இரண்டு 6,000, பேட்டரி 4,000, கிளட்ச் வேலை 5,000. ஆக 15,000 கழித்தால் 1 லட்சம். கேட்கிற விலை 1,05,000, இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்கிற விலை 90,000 என்று நோட்டில் எழுதி வைத்தோம். விற்பதற்காகப் புது பெயிண்ட் அடிக்க வேண்டாம். துருவை மறைக்கிறீங்களோன்னு சந்தேகம்தான் வரும். கழுவித் துடைத்து வைத்தால் போதும். இருக்கிற குறையை நாமே முதலில் சொல்லிட்டா, அதைக் காட்டி விலை குறைக்க முடியாது.

வண்டியின் வயதையும் பாருங்க. சொந்த வண்டிப் பதிவு 15 வருடத்துக்குத்தான். பிறகு எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025-ல் அதையும் 10,000 ஆக்கிவிட்டாங்க. பசுமை வரி வேற. வாங்குகிறவர் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வருவார். நீங்களும் போட்டு வையுங்க. கேஸ் கிட் மாட்டியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கணும். இன்சூரன்ஸ் முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கவே கூடாது. அந்த நேரத்தில் யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈடு நம்ம தலையில்.

அக்காவின் வண்டி கடைசியில் 95,000-க்குப் போச்சு. புரோக்கர் சொன்னதைவிட 50,000 ரூபாய் அதிகம். கல்லூரிக் கட்டணம் கட்டி, குழுக் கடனில் மூன்று தவணையும் கட்டிட்டாங்க.

ஆனா பணம் வாங்கினதும் வேலை முடியலைங்க. பெயர் மாறினால்தான் விற்ற மாதிரி. வட இந்தியாவில் ஒருத்தர் காரை விற்றார். அது பல கை மாறியது. ஆர்.சி.யில் முதல் ஆள் பெயரே இருந்தது. 2009-ல் அந்தக் கார் மோதி ஒரு உயிர் போனது. வழக்கு பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் போச்சு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கோ அவரே உரிமையாளர், அவரே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. விற்று வருடங்கள் ஆகியும் அவருக்கு இந்த நிலை. புரோக்கர் நீட்டின பேப்பரில் நம்ம அக்கா கையெழுத்துப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கடைசியா, இதை எல்லாரும் உங்க குழு நோட்டில் எழுதிக்குங்க:

1. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீங்க. படிவம் 29, 30-ல் வாங்குகிறவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் எழுதின பிறகே கையெழுத்து.

2. விற்ற 14 நாளுக்குள் நாம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். "அவங்க பார்த்துக்குவாங்க" என்று விடாதீங்க. முடிந்தால் வாங்குகிறவரோடு நீங்களே ஆபீஸ் போய் வாங்க.

3. டெலிவரி நோட்டில் வண்டி கொடுத்த தேதி மட்டுமில்லை, மணியும் எழுதணும். இரண்டு சாட்சிக் கையெழுத்தும், வாங்குகிறவரின் அடையாள அட்டை நகலும் நம்மகிட்ட இருக்கணும்.

4. பழைய அபராதம் பாக்கி இருந்தால் முன்னாடியே கட்டிடுங்க.

5. போனில் பணம் அனுப்பிட்டேன்னு படம் காட்டினா நம்பாதீங்க. நம்ம கணக்கில் ஏறிடுச்சான்னு பார்த்த பிறகே சாவி. பணம் வாங்குவதற்கு நாம் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னா அவர் திருடர்.

6. ஓடவே ஓடாத வண்டின்னா இரும்புக் கடைக்குச் சும்மா தள்ளி விடாதீங்க. அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்து, சான்று வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்யுங்க.

இன்னொரு விஷயம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டு ஆர்.சி. புத்தகம் எங்கே இருக்கு, யார் பெயரில் இருக்குன்னு பாருங்க. டி.வி.எஸ். வண்டியா இருந்தாலும் சரி. அடுத்த கூட்டத்துக்கு நகல் எடுத்துட்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.