உடல் தரும் சான்றும் உள்ளத்தின் உரிமையும்

(கூடுவாஞ்சேரியில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



தெற்கே அண்மையில் மறைமலையடிகளாரின் பெயர் தாங்கிய நகர் இருக்க, அவ்வழிப்பட்ட இவ்வூரில் தமிழைப் பற்றிப் பேசினால் போதாதா, உயிரணுவைப் பற்றியும் குற்றச் சட்டத்தைப் பற்றியும் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். கேட்கத் தக்க வினாவே. ஆனால் நள்ளிரவில் ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டு, அவர் காவல் நிலையத்துக்கு இட்டுச் செல்லப்பட்டு, அவர் கையிலிருந்து இரண்டு துளிக் குருதி எடுக்கப்படுமாயின், அக்குருதி அவரைப் பற்றி என்ன சொல்லும், அதைச் சொல்ல வைக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது யார், அவர் கையொப்பமிட்ட தாள் எம்மொழியில் இருந்தது என்னும் மூன்று வினாக்களும் அவர் வாழ்வையே அறுதியிடுவன. இம்மூன்றனுள் ஒன்றேனும் தமிழனுக்குத் தொடர்பற்றதா?

மாந்த உடல் ஏறத்தாழ 30 இலக்கங்கோடி உயிரணுக்களால் ஆனது. 1665-ஆம் ஆண்டு இராபர்ட்டு ஊக்கு என்னும் ஆங்கிலேயர் தக்கையின் மெல்லிய சீவலொன்றை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கித் தேனடை போன்ற சிற்றறைகளைக் கண்டார். அவற்றுக்கு அவர் வழங்கிய பெயர், ஆங்கிலத்தில் சிறைக்கூடத்து அறைக்கும் வழங்குகின்றது. தமிழில் கண்ணறை என்றும் உயிரணு என்றும் வழங்குதலால் அக்குழப்பம் இல்லை. எனினும் இன்றைய பொழிவு அவ்விரண்டு அறைகளையும் பற்றியதே.

உயிரணுவின் கருவினுள் 23 இணைகளாக 46 நிறப்புரிகள் உள்ளன. அவற்றுள் சுருண்டு கிடப்பதே மரபிழை. டி.என்.ஏ. என்று உலகம் சுருக்கி வழங்குவது இதனையே. ஓருயிரணுவிலுள்ள மரபிழை முழுவதையும் நீட்டிப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் வரும். தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் ஏறத்தாழ 300 கோடிப் படிகள். இவற்றுள் மிகப் பெரும் பகுதி எல்லா மாந்தர்க்கும் ஒன்றே. உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்று பிறப்பால் பேசுவோர் இந்த ஒன்றையாவது படித்திருக்கலாம்! ஆனால் சில இடங்களில் சிறு தொடர்கள் அடுக்கடுக்காய்த் திரும்ப வருகின்றன. ஒருவர்க்கு எட்டு முறை வரும் அடுக்கு, இன்னொருவர்க்குப் பதினொரு முறை வரும். இத்தகைய இடங்கள் பலவற்றை ஒருங்கே எண்ணிப் பார்த்தால், ஒருகரு இரட்டையர் தவிர எவ்விருவர்க்கும் எண்ணிக்கை முழுதும் ஒத்து வருதல் மிக மிக அரிது.

இதில் அறிந்துகொள்ள வேண்டிய நுட்பமும் உண்டு. குருதியின் சிவப்பணுவுக்குக் கரு இல்லை. ஆகவே குருதிக் கறையில் பேசுவன வெள்ளணுக்களே. வேரோடு பிடுங்கப்பட்ட முடி ஆளைக் காட்டும். வேரற்ற முடியோ பெரும்பாலும் தாய்வழியை மட்டுமே காட்டும். 1983-இல் காரி முல்லிசு என்னும் அமெரிக்கர் மரபிழையைப் பல கோடிப் படிகளாய்ப் பெருக்கும் முறையைக் கண்டார். அதற்காக 1993-இல் நோபெல் பரிசும் பெற்றார். அம்முறையால், கண்ணுக்குத் தெரியாத அளவு கறையும் ஆய்வுக்குப் போதியதாயிற்று. அக்கூர்மையே அதன் கேடும் ஆகும். மாதிரியை எடுத்தவரின் உயிரணு ஒன்றிரண்டு அதில் விழுந்துவிட்டால், அதுவும் கோடியாய்ப் பெருகும் அன்றோ?

1984-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் இலெசுட்டர்ப் பல்கலைக்கழகத்தில் அலெக்கு செப்ரீசு என்பார் இவ்வடுக்குகளைக் கொண்டு ஆளையறியும் முறையைக் கண்டார். அம்முறை கொலை வழக்கொன்றில் முதன்முதலாகச் செய்த பணி யாது? குற்றவாளியைப் பிடித்ததன்று, குற்றமற்றவனை விடுவித்ததே! இலெசுட்டரை அடுத்த சிற்றூர்ப் பகுதியில் 1983-இலும் 1986-இலும் இரண்டு சிறுமியர் கொல்லப்பட்டனர். பதினேழு அகவை இளைஞன் ஒருவன் இரண்டாம் கொலையைத் தான் செய்ததாகக் காவலரிடம் ஒப்புக்கொண்டான். செப்ரீசு ஆய்ந்து, இரண்டையும் செய்தவன் ஒருவனே, அவன் இவ்விளைஞன் அல்லன் என்று அறிவித்தார். பின்னர் அவ்வட்டாரத்து ஆடவர் ஐயாயிரவர்க்கு மேற்பட்டோரிடம் மாதிரி வாங்கப்பட்டது. தனக்கு மாற்றாக வேறொருவனைக் குருதி கொடுக்கச் செய்து தப்பிய கொலையாளி 1987-இல் பிடிபட்டான். ஒப்புதலுரை ஒன்றையே நம்பியிருந்தால் அவ்விளைஞன் நிலை என்னாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்நாட்டுக் காவலரே இப்படி என்றால், நம் நாட்டு நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்தியாவில் இத்துறைக்கு வழிகோலியவர் ஐதராபாது உயிரணு, மூலக்கூற்று உயிரியல் நடுவத்தின் இலால்சி சிங். வரிக் கட்டுவிரியன் பாம்பின் மரபிழையில் அவர் முன்னரே ஆய்ந்து வைத்திருந்த ஒரு தொடரே, மாந்தர் மரபிழையை ஒப்பிட்டு அறியும் கருவியாயிற்று. நஞ்சுடைய பாம்பும் நயன்மைக்குத் துணை வந்தது என்க. தலைச்சேரியில் நடந்த தந்தைமை வழக்கொன்றில் அந்நடுவத்தின் ஆய்வு சான்றாக ஏற்கப்பட்டு, 1991-இல் கேரள உயர் அறமன்றத்தாலும் ஒப்பப்பெற்றது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இந்திய அரசமைப்புச் சட்டம் 20-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, குற்றஞ் சாட்டப்பெற்ற எவரையும் அவர்க்கே எதிரான சான்றராகுமாறு வற்புறுத்தலாகாது என்கின்றது. குருதியைப் பிழிந்து வாங்குவது அவரையே சான்றராக்குவது ஆகாதா? 1961-இல் காத்திக் காலு ஓகத்து வழக்கில் பதினொரு நடுவர் கூடிய உச்ச அறமன்ற ஆயம் இதற்கு விடை கூறிற்று. சான்றராதல் என்பது ஒருவர் தம் உள்ளத்தறிவை வெளிப்படுத்துதல். விரல்வரியும் கையெழுத்து மாதிரியும் மாறாத உடற்கூறுகளைக் காட்டுவனவே அன்றி உள்ளத்தறிவு அல்ல. ஆகவே அவற்றைப் பெறுதல் தடையாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்தக் கோட்டின்மேல்தான் இன்றுவரை எல்லாம் நிற்கின்றது. 2005-இல் திருத்தப்பெற்ற குற்ற நடைமுறைச் சட்டம் மரபிழை ஆய்வை வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. 2010 மே 5-இல் செல்வி எதிர் கருநாடக அரசு வழக்கில், மயக்க மருந்து செலுத்திப் பேசவைத்தல், பொய்யறி கருவி, மூளைமின் பதிவு ஆகியவற்றை ஒருவர் இசைவின்றிச் செய்தல் அரசமைப்புக்கு மாறானது என்று உச்ச அறமன்றம் தீர்ப்பளித்தது. உடல் திறக்கலாம், உள்ளத்தைத் திறக்கலாகாது! நல்ல தீர்ப்பே.

ஆயினும் ஒரு குறை சுட்ட வேண்டும். 1961-இல் நடுவர்தம் கண்முன் இருந்தது விரல்வரி. விரல்வரி ஆளைக் காட்டும். அதற்குமேல் ஒன்றும் சொல்லாது. சேமித்து வைக்கப்பட்ட குருதித் துளியோ ஒருவரின் முன்னோரையும், உடன்பிறந்தாரையும், இனி வரக்கூடிய நோயையும் சொல்ல வல்லது. அதனை விரல்வரியோடு ஒன்றாய் எண்ணுதல் விதையைப் பதரோடு ஒன்றாய் எண்ணுதல் போலாம்.

உள்ளத்தறிவை அரசு எப்படிப் பிழிந்தது என்பதற்கு இம்மண்ணே சான்று. 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் முன்னாள் தலைமையமைச்சர் இராசீவ்காந்தி கொல்லப்பட்டார். அவ்வூர் அந்நாளில் பழைய செங்கற்பட்டு மாவட்டப் பகுதியே. உடற்சிதைவுகளை அடையாளங் காண ஐதராபாது நடுவத்தின் மரபிழை ஆய்வு துணைக்கொள்ளப்பட்டது. ஆனால் 1998 சனவரியில் பூந்தமல்லித் தனிமன்றம் 26 பேர்க்கும் சாவொறுப்பு விதித்ததற்குத் தலையாய அடிப்படை அறிவியல் அன்று. காவல் அலுவலர் பதிந்த ஒப்புதலுரைகளே! காவலரிடம் சொன்ன ஒப்புதல் சான்றாகாது என்பது பொதுச் சட்டம். தடாச் சட்டம் அதனை மாற்றிற்று. 1999 மே 11-இல் உச்ச அறமன்றம், தடாக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறிவிட்டும், அச்சட்டப்படி பெற்ற ஒப்புதலுரைகளை மட்டும் ஏற்றுக்கொண்டது. 19 பேர் விடுதலையாயினர். நால்வர்க்குச் சாவொறுப்பு உறுதியாயிற்று. அந்நால்வருள் ஒருவர் பத்தொன்பது அகவையில் தளைப்படுத்தப்பட்ட பேரறிவாளன். இரண்டு மின்கலங்கள் வாங்கித் தந்தார் என்பது அவர்மீதான சாட்டு. அவை எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக, ஒப்புதலுரையைப் பதிந்த அலுவலரே 2013-இல் வெளிப்படுத்தினார். எழுதாமல் விட்ட ஒரு தொடர்! முப்பதாண்டுகட்கு மேல் சிறைப்பட்டிருந்த பின், 2022 மே 18-இல் அவர் விடுதலையானார். 20-ஆம் பிரிவு ஏட்டில் இருந்து பயனென்ன?

அங்ஙனமாயின் மரபிழையை முற்றும் நம்பிவிடலாமா என்றால், அதுவும் இயலாது. விராலிமலை அருகே மடம் நடத்திய பிரேமானந்தா வழக்கில், கருச்சிதைவில் கிடைத்த பொருளின் மரபிழை அவரைத் தந்தையெனக் காட்டிற்று. அவர் தரப்பு இங்கிலாந்திலிருந்தே வல்லுநரை வரவழைத்து அவ்வாய்வை எதிர்த்து வாதிட்டது. வாதம் எடுபடவில்லை. 1997-இல் புதுக்கோட்டை அமர்வு மன்றம் விதித்த ஒறுப்பை 2005-இல் உச்ச அறமன்றம் உறுதி செய்தது. சான்று உரைத்துப் பார்க்கப்பட்டு நின்றது என்பதே அவ்வழக்கின் சிறப்பு. ஆனால் கடல்கடந்து வல்லுநரை அழைக்கப் பணமில்லாத எளியவனுக்காக அவ்வாய்வை உரைத்துப் பார்ப்பவர் யார்?

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நிகழ்ந்த இரட்டைக் கொலை வழக்கைப் பாருங்கள். 2018-இல் தேனி மன்றம் ஒருவர்க்குச் சாவொறுப்பு விதித்தது. 2019-இல் உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை அதனை உறுதி செய்தது. மரபிழைச் சான்று அவர்க்கு எதிராக நின்றது. 2025 சூலை 15-இல் உச்ச அறமன்றம் அவரை விடுதலை செய்தது. மாதிரிகள் ஆய்வகம் சேர்வதில் கரணியம் கூறப்படாத காலத்தாழ்வு. இடையில் யார் யார் கையில் இருந்தன என்பதற்குத் தொடர்ச்சியான சான்று இன்மை. கலப்பு நேர்ந்திருக்கக்கூடும் என்னும் ஐயம். இழை பொய் சொல்லாது. ஆனால் அவ்விழையை அடைத்த குப்பியைப் பற்றி மாந்தர் பொய் சொல்லலாம், மறக்கலாம், மாற்றிவிடலாம். தூக்குக் கயிற்றுக்கும் அவர் கழுத்துக்கும் இடையில் நின்றது, ஒரு பதிவேட்டில் இல்லாத சில கையொப்பங்கள்!

அத்தீர்ப்பிலேயே உச்ச அறமன்றம் நாடு முழுமைக்கும் நெறிகள் வகுத்தது. மாதிரிப் பொதியின்மீது வழக்கெண், நாள், காவல் நிலையம் முதலியன எழுதப்பெற்று, மருத்துவர், புலனாய்வு அலுவலர், சான்றர் ஆகியோர் கையொப்பமிடல் வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துள் ஆய்வகம் சேர்தல் வேண்டும். பிந்தினால் கரணியம் எழுதல் வேண்டும். மன்றத்தின் இசைவின்றிப் பொதியைத் திறத்தலாகாது. யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்னும் பதிவேடு தீர்ப்புவரை பேணப்படல் வேண்டும்.

செங்கற்பட்டும் இதற்கு விலக்கன்று. சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட கொடிய வழக்கில் செங்கற்பட்டு மகளிர் மன்றம் 2018 பிப்பிரவரியில் சாவொறுப்பு விதித்தது. 2025 அக்டோபர் 8-இல் உச்ச அறமன்றம் அதனை நீக்கி, குற்றம் ஐயமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், குற்றஞ் சாட்டப்பெற்றவர்க்கு வழக்காட உரிய வாய்ப்புத் தரப்படவில்லை என்றும் கூறிற்று. நெஞ்சு பதறும் குற்றத்தில், விரைந்து தூக்கிலிடு என்றே ஊர் கூவும். அக்கூச்சலுக்கு அஞ்சி விரைந்ததனால், கொல்லப்பட்ட குழந்தைக்கும் நயன் கிட்டவில்லை.

2022-இல் நாடாளுமன்றம் குற்ற நடைமுறை அடையாளச் சட்டத்தை இயற்றிற்று. விரல்வரி, கண்பாவைப் பதிவு மட்டுமன்றி, உடல்வழி மாதிரிகளும் அவற்றின் ஆய்வும் அதில் அடங்கும். பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். மகளிர்க்கும் சிறார்க்கும் எதிரானதல்லாத, ஏழாண்டுக்குக் குறைந்த சிறைக்குரிய குற்றத்தில் தளைப்பட்டவர் உடல்வழி மாதிரி தர மறுக்கலாம் என்னும் விதியும் அதிலேயே உண்டு. இதனை அறிந்தோர் எத்தனை பேர்? மரபிழைப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தவென 2019-இல் கொணரப்பட்ட சட்டவரைவோ 2023 சூலையில் திரும்பப் பெறப்பட்டது. எடுக்கச் சட்டம் உண்டு. எடுத்ததைக் காக்கத் தனிச் சட்டம் இல்லை.

இங்கேதான் மொழி வந்து நிற்கின்றது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள மூன்று குற்றச் சட்டங்களின் பெயர்களையே தமிழன் வாயால் சொல்ல இயலவில்லை. ஆய்வக அறிக்கையும் ஆங்கிலத்தில். இசைவு என்பது புரிந்து தருவது அன்றோ? புரியாத தாளில் இட்ட கைந்நாட்டு எவ்வாறு இசைவாகும்? இது மொழிவெறியர் கிளப்பும் கூச்சல் என்பார்க்கு உச்ச அறமன்றமே விடை கூறியுள்ளது. 1962-இல் அரிகிசன் வழக்கில், ஆங்கிலம் அறியாதவர்க்குத் தடுப்புக் காவலின் கரணியங்களை ஆங்கிலத்தில் தந்தமை செல்லாதென்று அவரை விடுவித்தது. 2025 நவம்பர் 6-இல், எக்குற்றமாயினும் தளைப்படுத்துவதற்கான கரணியங்களை அவர்க்குப் புரியும் மொழியில் எழுத்தில் தரல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆகவே இவ்வூர் இளைஞரும் வழக்கறிஞரும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நஞ்சறியும் ஆய்வகத்தை 1849-லேயே கண்ட நகர் சென்னை. அதன் வழிவந்த தடய அறிவியல் துறை மயிலாப்பூரில் இருக்கின்றது. இங்கிருந்து மாதிரி அங்குச் செல்ல அரைநாள் போதும். 48 மணி நேரமே மிகை. உறவினரோ அண்டை வீட்டாரோ தளைப்படுத்தப்பட்டால், கரணியத்தைத் தமிழில் எழுதித் தருமாறு கேளுங்கள். குருதி எடுத்த நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பொதியின் பதிவேட்டுப் படியை மன்றத்தில் வழக்கறிஞர் வழியே கோருங்கள்.