பட்டறிவே!



"பொறியியல் துறையில் பெரிதும் கைகொடுப்பது பட்டமா, பட்டறிவா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "பட்டம் இருந்தாத்தான் பறக்க முடியும்"னு அழகாச் சொன்னாங்க. உண்மைதாங்கம்மா. பட்டம் பறக்க நூல் வேணும். ஆனா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு நூலுக்குத் தெரியாதுங்கம்மா. பிடிச்ச கைக்குத்தான் தெரியும்! (கைதட்டல்)

கோயம்புத்தூருக்கு வாங்க. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கி ஊர் சுத்தினாரா? இல்லீங்க, பிரிச்சுப் போட்டார்! பிரிச்சதைத் திரும்ப மாட்டினார். அதுதான் அவர் படிச்ச காலேஜ்! 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொழில் தொடங்கினார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். பட்டம் வாங்காத அந்த மனிதர், 1945-இல் கோவையில் பொறியியல் கல்லூரி தோன்றவே வழி செய்தார். பட்டம் கொடுக்கிற இடத்துக்கே பட்டறிவு அஸ்திவாரம் போட்டிருக்கு, நடுவர் அவர்களே!

"பாலம் கட்டணும்னா கணக்கு வேண்டாமா?"ன்னு எதிரணி கேட்பாங்க. வேணும். கட்டாயம் வேணும். ஆனா கனடாவில், கியூபெக் பாலம் கட்டும்போது என்ன ஆச்சு? பாலத்தின் எடையைக் குறைவாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள். பாரம் தாங்கும் இரும்பு உறுப்புகள் வளைவதைக் கட்டுமிடத்தில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள், சொன்னார்கள். "அது முன்பே வளைந்திருக்கும்" என்று வாதம் நடந்தது. முடிவெடுக்க வேண்டிய ஆலோசகப் பொறியாளரோ நியூயார்க்கில். அவருக்கு ஆள் போய்ச் சொல்லி, "பாரம் ஏற்றாதே" என்று அவர் அடித்த தந்தி பாலத்துக்கு வந்து சேரவில்லை. அன்று மாலையே, 1907 ஆகஸ்ட் 29, பாலம் விழுந்தது. 75 தொழிலாளர்கள் மாண்டார்கள். கணக்கு தப்பலாம், தப்பினதை முதல்ல பார்க்கிறது களத்தில் நிற்கிற கண்தானே! அந்தக் கண் சொன்னதை அப்பவே கேட்டிருந்தா, 75 வீட்டில் விளக்கு எரிஞ்சிருக்குமே!

நம்ம வீட்டுக்கு வருவோம். பையன் ஐ.டி.ஐ. படிக்கிறேன்னா, "வெளியே சொல்லாதேடா"ங்கிறோம். மாப்பிள்ளை ஃபிட்டர்னா, ஜாதகத்தை மூடிடறோம். ஆனா, மிஷின் இரைச்சலைக் கேட்டே "பேரிங் போகப்போகுது"ன்னு சொல்றவர் அவர்தான். அவருக்குப் பின்னால்தான் பட்டம் வாங்கிய புது இன்ஜினியர் நோட்டும் கையுமா நின்னு தொழில் கத்துக்கிறார். கத்துக்கிட்டவர் மேலே போறார். கத்துக்கொடுத்தவர் அதே இடத்தில் நிற்கிறார். இது நியாயமா?

பட்டம் வாசலைத் திறக்கும், நடுவர் அவர்களே. உள்ளே போய் வேலை செய்வது பட்டறிவே. அந்தக் கைகளுக்கு உரிய மரியாதையை உங்கள் தீர்ப்பு தரட்டும் என்று கேட்டு அமர்கிறேன்.