ஏரோது தேடியது ஆண் குழந்தையை

(மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



வீட்டில் கட்டிய குடிலை இன்னும் நாம் பிரிக்கவில்லை. அதற்குள் திருச்சபை நம்மைப் பெத்லகேமின் அழுகுரலைக் கேட்கச் சொல்கிறது. மத்தேயு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில், இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்ல ஏரோது ஆள் அனுப்புகிறான். அவனுக்கு வெகுகாலம் முன்பே எகிப்தில் பார்வோன் இதே கட்டளையைத்தான் மருத்துவப் பெண்களுக்கு இட்டான்: ஆண் என்றால் கொல்ல வேண்டும், பெண் என்றால் விட்டுவிடலாம். அந்த இருவரும் தேடியது ஆண் குழந்தைகளை. நம் பக்கத்தில் அது தலைகீழாக நடந்தது. அரண்மனையிலிருந்து யாரும் வரவில்லை, வீட்டுக்குள்ளேயே காரியம் முடிந்தது.

1986-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்து உசிலம்பட்டியின் பெயர் நாடெங்கும் பரவியபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். அதற்குப் பிறகு வெளியூர் போனால், "உசிலம்பட்டிப் பக்கமா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்பார்கள். ஒரு ஊர்மீதும் ஒரு சமூகத்தின்மீதும் பழியைப் போட்டுவிட்டு மற்றவர்கள் பிலாத்துபோலக் கை கழுவிக்கொண்டார்கள். சேலத்திலும் தருமபுரியிலும் நிலைமை இன்னும் மோசம் என்று பிறகு கணக்கெடுப்பு காட்டியது. கிறிஸ்தவ வீடுகள் இதற்கு விலக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கணக்கெடுப்பு என்றதும் லூக்கா நற்செய்தி நினைவுக்கு வரும். அகுஸ்து சீசரின் குடிக்கணக்குக்காகத்தான் யோசேப்பும் மரியாவும் பெத்லகேமுக்குப் போனார்கள். வரி வாங்கக் கணக்கு எடுத்தான் சீசர். ஆனால் கணக்கு சில நேரம் உண்மையையும் பேசிவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் தேனி மாவட்டத்தில் ஆறு வயதுவரை உள்ள ஆண் குழந்தைகள் 61,785. பெண் குழந்தைகள் 57,876. அதாவது 1000-க்கு 937. 2001-இல் இது 891-ஆக இருந்தது, ஆகவே முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இயற்கையாகவே 1000 ஆணுக்குச் சுமார் 950 பெண் பிறக்கும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 800 சிறுமிகள் கணக்கில் இல்லை. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தையே நிரப்பும் அளவுக்குப் பிள்ளைகள். உலக அளவில் இப்படிக் காணாமல் போன பெண்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்று 1990-இல் அமர்த்தியா சென் எழுதினார்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001-இல் தேனி, மதுரை, திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. தொட்டில் பல உயிர்களைக் காத்தது, அதற்காகக் கடவுளுக்கு நன்றி. ஆனால் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகிற தாயை நாம் பார்த்தோமே தவிர, அவளை அங்கே அனுப்பிவைத்த வீட்டைப் பார்க்கவில்லை. குருக்களாகிய நாங்களும் பீடத்திலிருந்து தாயைத்தான் கண்டித்தோம். தகப்பன் அந்த நேரம் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

ஒரு பாட்டி என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதல்ல, திண்ணையில் உட்கார்ந்து சொன்னது; ஊர் பேர் இல்லாமல் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார். "நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன் சாமி" என்றார். அந்தப் பிள்ளைக்கு ஒரு பூசை வைக்க வேண்டும் என்று பணம் நீட்டினார். பேர் என்ன என்று கேட்டேன். "பேரு வைக்கலையே." ஐம்பது வருடமாகிறது. இன்று காலைத் திருப்பலியை அந்தக் குழந்தைக்காகத்தான் ஒப்புக்கொடுத்தேன்.

இதெல்லாம் நம் கலாச்சாரம், மாற்ற முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். எந்தக் கலாச்சாரம்? நம் பகுதியின் பல சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டுப் பெண் எடுத்தார்கள். வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வந்தது, பணப்பயிர் வந்தது, கையில் காசு புழங்கியது. மாப்பிள்ளைக்கு விலை ஏறிப் பரிசம் மறைந்து வரதட்சணை வந்தது என்று உசிலம்பட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆகவே நம் தாத்தா காலத்துப் பழக்கத்தைத்தான் நாம் ஆதிகாலத்து வழக்கம்போலப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

டிசம்பர் 10 மனித உரிமை நாள். 1948-இல் ஐ.நா. அறிக்கையை எழுதும்போது முதல் பிரிவில் ஆண்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் இருந்தது. எல்லா மனிதர்களும் என்று அதை மாற்ற வைத்தவர் நம் நாட்டிலிருந்து போன ஹன்சா மேத்தா என்ற பெண்மணி. மனிதர் எல்லாரும் பிறக்கும்போதே சமம் என்கிறது அந்தப் பிரிவு. நம் பிள்ளை பிறந்தால்தானே அது அவளுக்குப் பொருந்தும்!

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். குருவான புதிதில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், வண்டி என்ன வண்டி என்று என் கண்முன்னே பேசி முடித்தார்கள். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் செபம் சொல்லி ஆசீர் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது கேட்கப்போகிறேன். ஜனவரியிலிருந்து எங்கள் பங்கில் திருமண ஓலை கொடுக்க வருகிற இரு வீட்டாரிடமும், பெண் வீட்டில் என்ன கேட்டீர்கள் என்று கேட்பேன், அதுவும் மாப்பிள்ளையின் அப்பாவிடம்தான் முதலில் கேட்பேன். கோபித்துக்கொண்டு பக்கத்துப் பங்குக்குப் போவார்கள் என்று உபதேசியார் எச்சரிக்கிறார். பக்கத்துப் பங்குச் சாமியாரிடமும் பேசியிருக்கிறேன். அவரும் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.